தேவாலயம், ஸ்பானர், மஞ்சள் முடிச் சிறுமி

புளியங்குளம் தாண்டிச் சிறிது நேரத்தில் என் பை பேசத் தொடங்கியது.

"எனக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டும்" என்றது, தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் பெண்ணின் சுத்தமான குரலில். பஸ்ஸில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரரின் பலாப்பழம் என் மடியிலிருந்த பைமேல் சாய்ந்திருந்தது. பஸ் ஒரு குழியில் விழுந்தது, பலாப்பழம் இன்னொரு தடவை அழுத்தியது. "எனக்கு வலிக்கிறது. எனக்கு வலிக்கிறது" என்றது பை.

"அண்ணை, உள்ளுக்கு ஆரையும் வச்சிருக்கிறீங்களோ?" என்று நடத்துனர் கேட்டார்.

"அது கொம்பியூட்டர் தம்பி."

"அதுக்கு அவசரமெண்டா நெடுங்கேணியில நிப்பாட்டலாம். அதுவரைக்கும் அடக்கச் சொல்லுங்கோ."

பஸ் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். முதுகில் வியர்வை இடுப்புப் பட்டி வரைக்கும் வந்துவிட்டது. நான் டென்மார்க்கில் பஸ் ஓட்டுகிறவன். அங்கே சக்கர நாற்காலிக்காரர் ஏறுவதற்காக எங்கள் பஸ் ஒரு பக்கம் பணிந்து கொடுக்கும். இங்கே பஸ் யாருக்கும் பணிவதில்லை. முல்லைத்தீவு போய்ச் சேரும்வரை, இல்லாத பிரேக்கை என் வலது கால் மிதித்துக்கொண்டே வந்தது.

பைக்குள் இருந்தது டேப்லெட் கணினி. அம்மா அதைச் சிலேட் என்பார். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். பேச முடியாதவர்களுக்கானது. திரையில் படங்கள் வரிசையாக இருக்கும்: தண்ணீர், சோறு, கட்டில், கழிப்பறை, வலி. தொட்டால், தொட்டவருக்காக அது பேசும். வேண்டிய படத்தை நாமே சேர்க்கலாம், குரலையும் நாமே பதியலாம். கணினி பற்றி எனக்கு அதற்கு மேல் தெரிந்தது ஒன்றுதான்: நிறுத்திவிட்டு மறுபடி போடுவது.

அம்மா அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மறதி நோய் வந்ததும் முதல் வேலையாக டேனிஷ் மொழியை அந்த நாட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். தமிழ் தெரியாத தாதிகள் அவரோடு பேசுவதற்குத்தான் முதலில் இந்த மாதிரிச் சிலேட் ஒன்று வந்தது. பொதுப் படங்களுக்குத் தமிழ்க் குரல் அதிலேயே இருந்தது; வீட்டார் படங்களுக்குக் குரல் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அந்தப் படங்களில் என் தம்பி சுதனும் இருந்தான். அவனுக்கு என்ன சொல்வது? பின்னால் தாதி காத்து நிற்கிறார், எனக்கு பஸ் எடுக்க நேரமாகிறது. பதற்றத்தில் "தம்பி வேலைக்குப் போயிட்டான், வந்திடுவான் அம்மா" என்று பதிந்துவிட்டேன். அம்மா அந்தப் படத்தை ஒரு நாளைக்கு எத்தனை தரம் அழுத்துகிறார் என்று எண்ணுவதைத் தாதிகள் கைவிட்டுவிட்டார்கள்.

சுதன் வேலைக்குப் போகவில்லை. கடைசிச் சண்டையில் முல்லைத்தீவுக் கடற்கரையில் செல் குண்டு விழுந்து செத்துப்போனான். அவன் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவன். அந்தோனி அண்ணை என்ற மீன்பிடிக்காரரின் கரையோர வாடிக் குடிசையில் தங்கியிருந்தவன். அவனை மண்ணில் தாட்டதும் அந்தோனி அண்ணைதான். சண்டைக்குப் பிறகு அடைபட்டிருந்த முகாமிலிருந்து வெளியே வந்தபின் அவர் எனக்கு ஒரு தடவை போன் எடுத்தார். தம்பியை எங்கே தாட்டது என்று கேட்டேன்.

"நேரில வாங்கோ தம்பி, காட்டுறன். இது போனில கதைக்கிற கதை இல்லை" என்றார்.

நான் போகவில்லை. முதலில் விமான நிலையத்தில் பிடிப்பார்கள் என்று பயம். பிடிக்கமாட்டார்கள் என்று தெரிந்த பிறகு நுளம்புக்கடிக்குப் பயம். பிறகு முதுகு வலி. ஆடு மாடு வளர்ப்பதுபோல வருடக்கணக்காகக் காரணங்களை வளர்த்துக்கொண்டிருந்தேன். போன மாரியில் செய்தி வந்தது. அந்தோனி அண்ணைக்குப் பாரிசவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு இல்லை, ஞாபகமும் கழன்றுகொண்டு வருகிறது. தம்பி கிடக்கும் இடம் உலகத்தில் ஒரேயொரு தலைக்குள் இருந்தது, அந்தத் தலைக்கும் இப்போது கதவு பூட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் நான் அம்மாவுடையது மாதிரி, வீட்டார் படம் இல்லாத இன்னொரு சிலேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

முதல் நாள் பின்னேரம் படலையில் என்னை எதிர்கொண்டவள் அவருடைய மருமகள் ஜெனி. அவளுடைய பெற்றோர் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து நெடுங்கேணிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள். சண்டை முடிந்த பிறகு இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். புருஷன் கட்டாரில். மாமியார் இறந்துவிட்டார். மாமாவை அவள் தனியாகத்தான் பார்க்கிறாள்.

"நீங்கதான் டென்மார்க் அண்ணையோ? பேச்சு இருக்கேக்க மாமா ஒவ்வொரு வருசமும் 'அவன் வருவான்' எண்டு சொல்லுறவர். பேச்சு நிண்டாப்பிறகு வந்திருக்கிறீங்கள்."

"பஸ் பிந்திப்போச்சு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சுறா வறையும் வைத்தாள். நான் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து இன்னும் இரண்டு ரொட்டி போட்டாள். அதைத்தான் வரவேற்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தோனி அண்ணை பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். வலை இழுத்த தோள்கள். ஒன்று இன்னும் மலைபோல, மற்றது கீழே சரிந்து. என்னை அடையாளம் கண்டாரா தெரியாது. இடது கையால் என் முகத்தைத் தடவினார், "பா… பா… பா" என்றார். அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு சத்தம்தான்.

சிலேட்டை மடியில் வைத்தேன். படங்கள் டென்மார்க்கில் போட்டவை. ஒரு வெள்ளைத் தேவாலயம், குளிக்கும் தொட்டி, பனிச் சப்பாத்து, நட்டுக் கழற்றும் ஸ்பானர், மஞ்சள் முடியை இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி. "அண்ணை, சுதனை எங்க தாட்டனீங்கள்?" என்று கேட்டேன். அவர் திரையைக் கனநேரம் பார்த்தார். பிறகு ஒரு விரலால் மெதுவாக, வலையில் முடிச்சுத் தேடுகிறவர்போலத் தேடித் தொட்டார்.

"தேவாலயம்" என்றது செய்தி வாசிக்கும் பெண். "ஸ்பானர்." பிறகு, "சிறுமி."

என்னைப் பார்த்தார். திரும்பவும் அதே மூன்றையும் தொட்டார்.

ஜெனியும் நானும் கூடிப் பேசினோம். தேவாலயம், திருத்துகிற சாமான், பிள்ளை. "சேர்ச் கூரை ஒழுகுது, பிள்ளையள் நனையுதுகள் எண்டு சொல்லுறாரோ தெரியாது" என்றாள். இதைவிடப் பொருத்தமான விளக்கம் என் மூளைக்கும் எட்டவில்லை.

அந்த நேரம் அவள் மாதா சுருவத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினாள், செபமாலைக்கு நேரம் என்று. எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. வேதக்காரர் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்தவர் வீட்டில் செபம் தொடங்கினால், சைவக்காரன் குறுக்கே இருக்காமல் மெல்ல எழும்பி வெளியே போவான். நானும் எழும்பிச் சந்திக் கடைக்குப் போய், ஒரு பிளேன்ரீ குடித்து, வாழைப்பழம் பிசைந்து பொரித்த வாய்ப்பன் இரண்டு தின்று, செபம் முடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்துத் திரும்பி வந்தேன்.

இரண்டாம் நாள், நான் தேவாலயக் கூரையைப் பரிசோதித்தேன். ஆம், இதற்காகத்தான் டென்மார்க்கிலிருந்து வந்திருந்தேன். அங்கே வேலை பார்க்கும் பெரியவர் ஏணி பிடித்தார். நான் நான்காம் படியில் தலை சுற்றி நின்று, ஐந்தாம் படிக்குப் போகாமலே தலையை மட்டும் நீட்டினேன்.

"ஒழுக்கு ஒண்டும் இல்லைத் தம்பி. போன வருசம்தான் ஓடு மாத்தினது" என்றார் அவர், நான் இறங்கி முடித்த பிறகு.

அப்படியானால் தேவாலயத்துக்குப் போக ஆசைப்படுகிறார் போலும். பின்னேரம் ஆட்டோ பிடித்து அந்தோனி அண்ணையை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினோம். அவர் இறங்கவில்லை. என்னைப் பார்த்தார், சிலேட்டை எடுத்தார், அதே மூன்றையும் தொட்டார். நான் தேவாலயத்தைக் கையால் காட்டினேன். இடது கையைப் பொத்திச் சிலேட்டில் குத்தினார். "எனக்குப் பசிக்கிறது" என்றது அது. ஆட்டோக்காரர் என்னிடம் வாழைப்பழம் ஒன்றை நீட்டினார்.

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பாரிசவாதம் வந்தவர்களுக்குச் சும்மாவும் கண்ணீர் வரும் என்று எங்கோ வாசித்திருந்தேன். அந்த வாசிப்பை நன்றாகப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வர மெழுகுதிரி நேரம். நான் சந்திக் கடைக்குப் போனேன்.

மூன்றாம் நாள் கிளிநொச்சி. அங்கே ஒரு பேச்சுச் சிகிச்சை மிஸ் இருக்கிறார், கிழமையில் ஒரு நாள் பார்ப்பார் என்று ஜெனி சொன்னாள். விடிய வெளிக்கிட்டுப் பரந்தன் வழியாகப் போகும் பஸ்ஸில் மூவரும் ஏறினோம். நடத்துனர் முன் இருக்கையில் இருந்த பொடியனை எழுப்பி அந்தோனி அண்ணைக்கு இடம் எடுத்துக் கொடுத்தார்.

பாலம் தாண்டி, கடலும் களப்பும் இருபக்கமும் கிட்ட வரும் அந்த ஒடுங்கிய நிலத்தில் பஸ் ஓடும்போது அந்தோனி அண்ணை எழும்பப் பார்த்தார். "பா… பா" என்று யன்னலில் அடித்தார். சிலேட்டை நீட்டப் பையைத் திறக்கப்போனால் சிப் இழுபடவில்லை. இப்படி ஒருவர் துடித்தால் பஸ் ஓட்டுகிறவனுக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ. ஐயாவுக்கு ஒண்டுக்கு வருது" என்று நான் கத்தினேன்.

பஸ் நின்றது. இறக்கினோம். தாழம்பற்றைப் பக்கம் திருப்பி நிறுத்தி நான் மரியாதையாக மறுபக்கம் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தால், அவர் பற்றைக்குள் நாலைந்து அடி போய்விட்டார். தடியை ஊன்றி, விழுந்த காலை மணலில் இழுத்துக்கொண்டு.

"பாம்பு கிடக்கும் அண்ணை, வாங்கோ."

வரவில்லை. பஸ்காரர் ஹோன் அடித்தார். நானும் நடத்துனரும் இரண்டு பக்கமும் பிடித்து, அவருடைய நல்ல கை எங்களைத் தள்ளத் தள்ள, தூக்கிக்கொண்டு வந்து ஏற்றினோம். பரந்தன் வரைக்கும் அவர் என் பக்கம் திரும்பவில்லை. நான் அவருக்குத் தோடம்பழ இனிப்பு ஒன்று உரித்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. நானே சாப்பிட்டேன்.

பேச்சுச் சிகிச்சை மிஸ்ஸுக்கு முப்பது வயதிருக்கும். என் கதை முழுவதையும் கேட்டார். கூரைக் கதையைக் கேட்டபோதுகூடச் சிரிக்கவில்லை. அந்தோனி அண்ணையோடு ஒரு மணித்தியாலம் இருந்தார். அந்த ஒரு மணித்தியாலத்தில் பத்து வசனம்கூடப் பேசியிருக்கமாட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க அவரைக் கதைக்க விடுறீங்கள் இல்லை ஐயா. அவர் மூண்டு படம் காட்டினா, நீங்க முப்பது சொல்லால நிரப்புறீங்கள்."

"பழக்கதோஷம் மிஸ். கன நாளுக்கு நினைவு நிக்குமோ அவருக்கு?"

"சொல்லேலாது. போன முறை பாத்ததைவிட இப்பக் குறைவு." பிறகு ஜெனியிடம் கேட்டார்: "பாட்டு, செபம், எண்ணுறது, இதுகள் சில பேருக்கு மிஞ்சும். செபம் சொல்லுவாரோ?"

"ஓம் மிஸ். பின்னேரத்தில முழுசாச் சொல்லுவார். தடக்காமல்."

நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். "அவர் கதைக்கிறவரோ? ஏன் எனக்குச் சொல்லேல்லை ஜெனி?"

"அது கதை இல்லையே அண்ணை" என்றாள் அவள். "செபம்."

மிஸ் என் பக்கம் திரும்பினார். "மூண்டு நாளா அந்த வீட்டில நிக்கிறீங்கள். நீங்க கேக்கேல்லையோ?"

"நான் சைவம் மிஸ். வெளியில போயிடுவன்."

"காதும் சைவமோ?"

அன்று பின்னேரம் நான் வாய்ப்பன் தின்னப் போகவில்லை. குசினி வாசலில் சம்மணம் கட்டி இருந்தேன். ஜெனி மெழுகுதிரி கொளுத்தினாள். அந்தோனி அண்ணை மாலையை இடது கையில் சுற்றிக்கொண்டார். வாய் திறந்தது.

போனில் நான் கேட்ட அதே குரல். கடல் இரைச்சலுக்கு மேலால் பேசிப் பழகிய, அடித்தொண்டைக் குரல். ஒரு சொல் பிசகாமல் செபமாலை மணிக்கு மணி உருண்டு வந்தது. மூன்று நாளாக அவரிடமிருந்து நான் இயந்திரத்தால் ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்; இங்கே மழையாகக் கொட்டியது. கடைசியில் இறந்தவர்களுக்கான வேண்டுதல். தகப்பன் பெயர், தாய் பெயர், மனைவி பெயர். பிறகு:

"எங்கட மகள் றோசலினுக்காகவும், அவளோட ஒரே குழியில கிடக்கிற சைவப் பிள்ளைக்காகவும்."

ஜெனி வழக்கம்போல மறுமொழி சொன்னாள். நான் எழும்பப் பார்த்தேன், கால் விறைத்திருந்தது.

"ஜெனி, அது ஆர், அந்தச் சைவப் பிள்ளை?"

"தெரியாதண்ணை. நான் வந்த நாள் முதலா அப்பிடித்தான் சொல்லுறவர். நான் அதைச் செபத்தில உள்ள சொல்லெண்டே பழகிட்டன்." பிறகுதான் அவள் கை வாய்க்குப் போனது.

"றோசலினை எங்க தாட்டது?"

"கடைசிச் சண்டையில செத்தவா எண்டு மட்டும் தெரியும். இடத்தை மாமிக்கும் காட்டேல்லை. அவா கேட்டு அழுதாலும், 'உன்னால பாக்கேலாது' எண்டுட்டார். வருசத்துக்கு ஒருக்கா, ஆத்துமாக்கள் திருநாளுக்கு, தனிய பஸ் ஏறிப் போயிட்டு வருவார்."

சிலேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். இந்த முறை நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் தொட்டார். தேவாலயத்தைத் தொடும்போது பார்த்தேன். அவருடைய விரல் கட்டடத்தைத் தொடவில்லை. அதன் உச்சியில் இருந்த சிலுவையைத் தொட்டது. பிறகு எஞ்சின் திருத்துகிறவனின் ஸ்பானர். பிறகு அவருடைய மகள், டென்மார்க் நாட்டு மஞ்சள் முடியோடு.

முதல் நாளே சொல்லியிருந்தார். நான் ஏணியில் ஏறியிருந்தேன்.

நான்காம் நாள் அதே பஸ். அதே நடத்துனர். அந்தத் தாழம்பற்றை வர, நான் சொல்வதற்கு முன்னமே அவர் மணி அடித்தார். "ஐயாவுக்கு இந்த இடம்தான் ஒத்துவருது போல" என்றார். நான் சிரிக்க முயன்று விட்டுவிட்டேன்.

அந்தோனி அண்ணை முன்னால் போனார். நாங்கள் பின்னால். நேற்று அவர் மணலில் இழுத்த காலின் தடம் அப்படியே கிடந்தது. அது நின்ற இடத்திலிருந்து, அதாவது நானும் நடத்துனரும் அவரைத் தூக்கிய இடத்திலிருந்து, இன்னும் இருபது அடிகூட இல்லை.

அடம்பன் கொடி மூடிய ஒரு மேடு. முழங்கால் உயரத்தில் சீமெந்துச் சிலுவை, கையால் பூசியது. குறுக்குச் சட்டத்தில் ஆணியால் கீறிய பெயர்: றோசலின். அதற்குக் கீழே, சீமெந்து ஈரமாக இருந்தபோது பதித்த ஒரு பழைய எஞ்சின் பிளக். இரும்பு துருப்பிடித்துவிட்டது, வெள்ளைப் பீங்கான் மட்டும் பல்லுப்போல வெளியே தெரிந்தது. பிளக்கின் பக்கத்தில் ஒரு பெயர் எழுதும் அளவு இடம் மட்டமாகத் தேய்த்து வெறுமையாக விடப்பட்டிருந்தது.

எங்கள் வீட்டில் எரிப்பதுதான் வழக்கம். அன்றைக்கு எரித்திருந்தால் புகை எழும்பியிருக்கும், புகையைப் பார்த்து அடுத்த செல் வந்திருக்கும். தன் மகளுக்கு வெட்டிய குழியில் என் தம்பியையும் வைத்து, தனக்குத் தெரிந்த செபத்தைச் சொல்லி மூடியிருக்கிறார். சைவப் பிள்ளையைச் சிலுவைக்குக் கீழே வைத்துவிட்டேன், அவன் பெயரை இதில் எழுதலாமா என்று வீட்டாரிடம் போனில் எப்படிக் கேட்பது? அதற்குத்தான் நேரில் வரச் சொன்னார். அந்த வெறும் இடம் இத்தனை வருடமும் எனக்காகக் காத்திருந்தது. எனக்கு முதுகு வலி.

அவர் வெறுமையான இடத்தைத் தொட்டார். பிறகு என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை தொட்டார், பார்த்தார். இதற்கு மிஸ் தேவையில்லை, ஜெனியும் தேவையில்லை.

பஸ்ஸில், கடையில், செத்தவீட்டில்கூட வாய் ஓயாதவன் நான். அந்த இடத்தில் எனக்குச் சொல் வரவில்லை. வாயைத் திறந்தேன், காற்று வந்தது. கடைசியில் பையிலிருந்து சிலேட்டை எடுத்து நானே ஒரு படத்தைத் தொட்டேன்.

"ஆம்" என்றது செய்தி வாசிக்கும் பெண்.

அந்தோனி அண்ணை தலையாட்டினார். தடியை என்னிடம் தந்துவிட்டு, ஜெனியின் தோளைப் பிடித்துக்கொண்டு செபத்தைத் தொடங்கினார். நான் பதியும் பொத்தானை அழுத்தினேன். மகள் பெயருக்குப் பிறகு வழக்கம்போலச் சைவப் பிள்ளை என்றே சொன்னார். செபம் அப்படித்தான் அவருக்குள் உறைந்திருந்தது. இனிமேல் அதற்குள் ஒரு பெயரைச் செருகுவது முடியாத காரியம்.

"சீமெந்து கொண்டுவந்து நான் எழுதிவிடுறன் அண்ணை" என்றாள் ஜெனி, திரும்பி வரும்போது. "என்ன பேர் எழுதிறது?"

சொன்னேன். அவள் எழுத்துக் கூட்டித் திருப்பிச் சொன்னாள்.

டென்மார்க் திரும்பி வந்து மூன்று கிழமையாகிறது. அம்மாவின் சிலேட்டில் தம்பியின் படத்தை நான் அழிக்கவில்லை. அழிக்கத் தைரியம் இல்லை என்பதுதான் சரி. பக்கத்தில் ஒரு படம் சேர்த்தேன், அந்தச் சிலுவை. தொட்டால் அந்தோனி அண்ணையின் செபம். நாலைந்து நாள் அம்மா அதைக் கவனிக்கவில்லை. நேற்றுத் தொட்டார். கடைசி வரைக்கும் கேட்டார்.

"ஆரோ வேதக்காரரின்ர செத்தவீடு போல கிடக்கு" என்றார்.

"ஓம் அம்மா."

"பிள்ளையெண்டு சொல்லுறார். பெத்தவள் பாவம். நீ ஒருக்காப் போய் நிண்டிட்டு வாவன். செபம் தொடங்க எழும்பி ஓடி வராத. உனக்கு எப்பவும் அந்தப் பழக்கம்."

"போனனான் அம்மா. முடியுமட்டும் நிண்டனான்."

அம்மாவுக்குத் திருப்தி. என் கையை இரண்டு தரம் தட்டினார். பிறகு விரலை நகர்த்திப் பக்கத்துப் படத்தைத் தொட்டார்.

"தம்பி வேலைக்குப் போயிட்டான்" என்றது என் குரல். "வந்திடுவான் அம்மா."